மலைக்காற்றும் ஒரு மொரிஸ் மைனரின் புகைச் சான்றிதழும்

வீட்டுக் கொட்டகையில் தன் கையால் கட்டி எழுப்பிய ஒரு காரைச் சட்டப்படி வீதியில் ஓட்டுவதற்கு இலங்கையின் மலையகத்தில் என்னென்ன தேவைப்படும் என்பதை, வேலையைத் தொடங்குவதற்கு முன்னரே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், ஒன்றேகால் இலட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒரு வருடத்தின் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். கேட்டறிவதற்கு எனக்கு ஆள் இருக்கவில்லை. பழைய கார்களைப் பற்றி நன்கு தெரிந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் ஆலோசனை அவர்களுடைய ஊர்க் காற்றுக்குப் பொருந்துகிறது. நுவரெலியாவின் உயரத்தில் அதே ஆலோசனை ஏன் பிழையாகிறது என்பதைப் பல மாதங்கள் அலைந்த பிறகே புரிந்துகொண்டேன். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ இதே வேலையில் இறங்கியிருக்கும் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று, நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கத்தில் வசிக்கிறேன், தொழிலால் ஆசிரியர். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எவ்வளவு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு ஒரு சிறிய காரும் எட்டாத பொருளாகிவிட்டது. அந்த நாட்களில்தான், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் பொறுப்பாளராக, இருந்து காலமான ஒருவரின் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காரை விற்றுவிட அவருடைய குடும்பத்தினர் விரும்பினார்கள். உடல் தகடு அடியில் துருப்பிடித்திருந்தது, அதன் சொந்த 948 சிசி இயந்திரத்தின் புளொக் வெடித்திருந்தது. கம்பளையில் உடைத்து விற்கப்பட்டுக்கொண்டிருந்த இன்னொரு மைனரிலிருந்து 1098 சிசி இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் வாங்கினேன். தரைத்தகடு, பிரேக், வயரிங் எல்லாவற்றையும் விடுமுறை நாட்களில் நானே செய்தேன், வெல்டிங்கிற்கு மட்டும் ஒருவரைக் கூலிக்கு அழைத்தேன். இரண்டு வண்டிகளிலிருந்தும் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடியெடுத்த உதிரிப்பாகங்களிலிருந்தும் ஒரு கார் உருவாகி, முதன்முறையாகத் தானாக இயங்கிய நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரிக்கத் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்றே அன்று நம்பினேன்.

முதலில் குறுக்கே நின்றது காகிதம். இப்படிக் கட்டிய காரைப் புதிய வாகனமாகப் பதிவு செய்யும் வழியை நான் நாடவில்லை. மைனரின் செசி இலக்கமும் (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) பதிவுப் புத்தகமும் ஒழுங்காக இருந்ததால் அந்தப் பழைய அடையாளத்தையே தொடர முடிந்தது. ஆனால் புத்தகத்தில் இருந்த இயந்திர இலக்கமும் கொள்ளளவும் இப்போது வண்டியில் இருப்பதோடு பொருந்தவில்லை. இயந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடு பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டியை நேரில் பார்த்து இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். புதிய இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்டார்கள். கம்பளைக் கடைக்காரர் எனக்குத் தந்திருந்தது ஒரு சாதாரணத் துண்டுச்சீட்டு. அந்த இயந்திரம் இருந்த காரின் உரிமையாளரைத் தேடிப்பிடித்து, அந்தக் கார் பாவனையிலிருந்து நீங்கியதற்கான பத்திரங்களைப் பெற்று, மீண்டும் விண்ணப்பிப்பதற்குள் மழைக்காலம் ஒன்று முழுவதும் கடந்துபோனது. ஆகவே பழைய இயந்திரம் வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்னர், அது எந்த வாகனத்தினுடையது, அந்த வாகனத்தின் பதிவுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, இறக்குமதியான இயந்திரமாயின் சுங்கப் பத்திரம் உண்டா என்பதைக் கேளுங்கள். பத்திரம் இல்லாத மலிவான இயந்திரத்தைவிடப் பத்திரத்தோடு வரும் விலைகூடிய இயந்திரமே முடிவில் மலிவாக அமையும். இயந்திர இலக்கம் பொறித்த சிறு தகட்டையும் பெயின்ட் பூசாமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள், பரிசோதகர் முதலில் தேடுவது அதைத்தான்.

இங்கிலாந்தில் வசிக்கும் என் பெரியப்பா மகனும் ஏறத்தாழ அதே காலத்தில் அங்கே ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தும் காரை, கட்டிக்கொண்டிருந்ததால், தொலைபேசியில் நாங்கள் இருவரும் இதைப் பற்றி நிறையப் பேசினோம். அந்நாட்டில் வீட்டில் கட்டிய காருக்கென்றே தனி அங்கீகாரப் பரிசோதனை இருக்கிறது, அதில் புகையின் எல்லை இயந்திரம் தயாரிக்கப்பட்ட காலத்தைப் பொறுத்து அமைகிறது. 1975 ஆகஸ்ட் 1க்கு முன்னர் தயாரிக்கப்பட்ட இயந்திரம் என்று எழுத்தில் நிரூபித்தால் கண்ணுக்குத் தெரியும் புகை மட்டுமே பார்க்கப்படும். அதற்குப் பிந்திய பதினோராண்டுக் காலத்து இயந்திரமாயின், அரைகுறையாக எரிந்த பெற்றோலிலிருந்து வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு 4.5 சதவீதத்திற்குள்ளும் எரியாமல் வெளியேறும் பெற்றோலான ஐதரோக்காபன் பத்து இலட்சத்தில் 1200 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். வயதுக்கு ஆதாரம் இல்லையென்றால் இன்றைய புதிய காருக்குரிய விதியே அதன் மேல் வந்து விழும். அவர் இயந்திர இலக்கத்தை அனுப்பித் தயாரிப்பாளரிடமிருந்து திகதி குறித்த கடிதம் பெறக் காத்திருந்த அதே வாரங்களில் நான் கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பத்திரத்திற்காக அலைந்தேன். இரு நாடுகளின் விதிகள் வேறு, ஆனால் இயந்திரத்திற்கு ஒரு பிறப்புச் சான்று வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

காகிதம் சரியான பின்னர், வீதியில் ஓட்ட ஆண்டுதோறும் பெற வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம். அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு இந்தப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியதிலிருந்து சான்றிதழ் இல்லாமல் அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. நீண்ட காலம் ஓடாமல் நின்ற வண்டி என்றால் நிலுவையும் தண்டப்பணமும் சேரும். வாகனம் பாவனையில் இல்லை என்பதை உரிய நேரத்தில் பிரதேச செயலகத்திற்கு எழுத்தில் அறிவித்துப் பதிந்திருந்தால் அது குறையும். டீ மேக்கர் ஐயா உயிரோடு இருந்தவரை அப்படி அறிவித்திருந்தார், பிறகு அந்த வழக்கம் நின்றுவிட்டது. வாங்கும் முன்னர் இதைக் கேட்டுப் பார்த்து, நிலுவையை விலையில் கழித்துக்கொள்வது நல்லது.

பரிசோதனைக்கு மிகுந்த நம்பிக்கையோடு சென்றேன். பெற்றோல் வாகனத்திற்கு நடைமுறை எளியது. புகைக் குழாய்க்குள் ஒரு நீண்ட ஆய்கருவிக் குழாயைச் செலுத்தி, இயந்திரம் சும்மா ஓடும் நிலையில் ஒருமுறையும் நிமிடத்திற்கு 2500 சுற்று வேகத்தில் ஒருமுறையும் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கிறார்கள். என் காரில் சும்மா ஓடும் நிலையில் காபனோரொட்சைட்டு 7.1 சதவீதம், ஐதரோக்காபன் 1450 பங்கு. 2500 சுற்றில் காபனோரொட்சைட்டு 6.2. இரண்டு நிலையிலும் தோல்வி. கண்ணுக்குக் கரும்புகை எதுவும் தெரியவில்லை, குளிர்காலைக்குரிய வெண்ணிற நீராவி மட்டுமே தெரிந்தது, ஆகவே அந்த எண்களை என்னால் நம்பவே முடியவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருக்க, அந்தக் காரைத் தள்ளி வெளியே எடுத்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியாத காரே நல்ல கார் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய இழப்பு. பள்ளத்து ஊர் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்த ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். நல்ல மனிதர், கைத்திறன் உள்ளவர். நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கமானியை வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் சதுர அங்குலத்திற்கு 118 முதல் 122 இறாத்தல் வரையே வந்தது. ஆரோக்கியமான இயந்திரம் 150 அளவு காட்ட வேண்டும், இது தேய்ந்துவிட்டது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மாற்றாமல் புகை குறையாது என்று உறுதியாகச் சொன்னார். இயந்திரம் இறக்கப்பட்டது. ரிங், பேரிங், கேஸ்கட், லேத் வேலை எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய், கூலி 25,000. பூட்டி முடித்து மீண்டும் அளந்தபோது 125க்கு மேல் ஏறவில்லை, புகை எண்களும் அசையவில்லை. இரவில் தூக்கம் வராமல், பிள்ளைகளின் வகுப்புக் கட்டணத்திற்கு வைத்திருந்த காசையும் இதில் போட்டுவிட்டேனே என்று மனைவியிடம் சொல்லிக் கலங்கிய நாட்கள் அவை. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இனி ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழைய வேர்க்‌ஷாப் கையேட்டையும் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடை இரண்டாவதில் இருந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் வீட்டு அடுப்பில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான், இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. சிலிண்டர் உள்ளிழுக்கும் காற்றே மெல்லியது என்றால் அதை அமுக்கி வரும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். கொழும்பில் 150 காட்டும் இயந்திரம் இங்கே ஏறத்தாழ 120 காட்டுவது இயல்பு. அதாவது என் இயந்திரம் முதல் நாளிலிருந்தே நலமாக இருந்திருக்கிறது. மலையில் அமுக்கத்தைப் பார்க்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதையே பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதும் தாழ்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு சட்டென்று ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள். எந்தச் செலவும் இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இயந்திரத்தை இறக்க யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

புகையின் காரணமும் அதே மெல்லிய காற்றுதான். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது, தன் வழியாகப் பாயும் காற்றின் ஓட்டத்தை வைத்தே அது பெற்றோலை விடுகிறது. உயரே வந்ததும் அதே கன அளவுக் காற்றில் ஒட்சிசன் குறைந்துவிட, பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கடற்கரையில் சரியாக இருந்த கலவை நுவரெலியாவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடுதல் செறிவாகிவிடுகிறது. ஒட்சிசன் போதாமல் அரைகுறையாக எரியும் பெற்றோல் காபனோரொட்சைட்டாக வெளியே வருகிறது. இன்றைய கார்களில் காற்றை உணரும் கருவிகளும் கணினியும் இதைத் தாமே திருத்திக்கொள்கின்றன, நம் பழைய கார்களுக்கு நாம்தான் திருத்த வேண்டும். கம்பளைக் காற்றில் சீர்செய்யப்பட்டிருந்த கார்புரேட்டரை நான் அப்படியே மலைக்கு ஏற்றி வந்திருந்தேன்.

அத்தோடு இரண்டு மறைந்த குறைகளும் இருந்தன, மலையகத்தில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் இவை இருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவது தேர்மோஸ்டாட், இயந்திரம் சூடேறும்வரை குளிரூட்டும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. வண்டி சூடேறுகிறது என்று யாராவது முறையிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் நாட்டுக் கராஜ்களின் நெடுநாள் வழக்கம். என் இயந்திரத்திலும் அது இருக்கவில்லை. வெப்ப ஊர்களில் அதனால் பெரிய தீங்கு தெரியாது, ஆனால் நுவரெலியாக் குளிரில் தேர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் எவ்வளவு தூரம் ஓடினாலும் தன் உரிய வெப்பத்தை அடைவதில்லை. குளிர்ந்த சுவரில் ஒட்டும் பெற்றோல் எரியாமலே வெளியேறி ஐதரோக்காபனாகக் கணக்கில் ஏறுகிறது. 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன், ஐதரோக்காபன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த முயற்சி முழுவதிலும் நான் செலவழித்த மிகப் பயனுள்ள காசு அதுதான். ரேடியேட்டரின் அழுத்த மூடியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், தண்ணீர் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஊரில் அந்த மூடிதான் கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது.

இரண்டாவது சோக், குளிர்ந்த இயந்திரத்தை இயக்குவதற்காகக் கலவையைச் செறிவாக்கும் கம்பி. மைனரில் இருக்கும் எஸ்.யூ. என்ற வகைக் கார்புரேட்டரில் சோக் கம்பியை இழுத்தால் பெற்றோல் வரும் ஜெட் கீழே இறங்கி அதிகப் பெற்றோலை விடும், கம்பியைத் தள்ளினால் ஜெட் மேலே திரும்ப வேண்டும். குளிரூரில் ஒவ்வொரு காலையும் சோக் இழுக்கப்படுவதால் கம்பியும் ஜெட்டும் சீக்கிரம் இறுகிவிடுகின்றன. டாஷ்போர்டில் குமிழ் முழுவதும் உள்ளே போயிருந்தாலும், பொனட்டைத் திறந்து பார்த்தால் ஜெட் ஒரு நூலளவு கீழேயே நிற்பதைக் காணலாம். அந்த நூலளவே பரிசோதனையில் தோற்கப் போதும். விரலால் ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள், அசைந்தால் கம்பியைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு அதன் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

கலவையைத் தொடுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதைக் குழப்பினால் ஒரு குறையை இன்னொரு குறையால் மூடுவதாக முடியும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை 0.3 மில்லிமீற்றருக்கு வையுங்கள். பிளக்குகளைச் சுத்தம் செய்து 0.6 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். பிளக்குகளுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பொயின்ட் இடைவெளியை 0.38 மில்லிமீற்றர் அளவில் நிறுத்தி, அதன் பிறகே தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைப் பாருங்கள். தீப்பொறி ஒருமுறை தவறினால் அந்தச் சிலிண்டரின் பெற்றோல் முழுவதும் எரியாமல் வெளியே போகும், ஐதரோக்காபன் மட்டும் உயர்ந்து காபனோரொட்சைட்டு சாதாரணமாக இருந்தால் முதலில் தீப்பொறியையே சந்தேகியுங்கள். காற்று வடிகட்டியை மாற்றுங்கள். சைலன்சரிலும் இணைப்புகளிலும் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து ஆய்கருவியின் அளவுகள் பொய்யாகும், பரிசோதனையையே ஏற்காமல் விடவும் கூடும். என்னுடைய சைலன்சரில் வெல்டிங் ஒட்டிய ஒரு மூலை ஊதிக்கொண்டிருந்தது, புதியதற்கு 18,000 ரூபாய் ஆனது.

இவை எல்லாம் முடிந்த பின்னரே கார்புரேட்டர். நீங்கள் வசிக்கும் உயரத்தில், இயந்திரம் நன்றாகச் சூடேறிய நிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டரின் அடியில் ஜெட்டைச் சுற்றி ஆறு பட்டையுள்ள ஒரு நட்டு இருக்கும். அதை மேல்நோக்கித் திருகினால் கலவை மெலியும், கீழ்நோக்கித் திருகினால் செறியும். ஒவ்வொரு முறையும் ஒரு பட்டைக்கு மேல் திருகாதீர்கள். திருகிய பின்னர் பக்கத்தில் உள்ள சிறு கம்பியால் கார்புரேட்டரின் பிஸ்டனை மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். இயந்திர வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை செறிவு. வேகம் விழுந்து நிற்கப் போனால் மெலிவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. இயந்திரம் கம்பளையிலிருந்து வந்த நிலையிலிருந்து எனக்குப் பல பட்டைகள் மேலே போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டி, இயந்திரத்தை அங்கேயே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்னர் சிமினி விளக்குக் கரி போலக் கறுத்திருந்த முனை இப்போது பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நிறத்தைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதி பெரிது.

ஆனாலும் ஒரு தடை மிஞ்சியது. சும்மா ஓடும் நிலையில் எண்கள் நன்றாக இறங்கின, 2500 சுற்றில் காபனோரொட்சைட்டு இன்னும் எல்லையைத் தாண்டியே நின்றது. நட்டைத் திருகி அதைச் சரிசெய்யப் போனால் சும்மா ஓடும் நிலை மெலிந்து இயந்திரம் தடுமாறியது, தடுமாற்றத்தால் ஐதரோக்காபன் ஏறியது. நட்டு கலவையை முழுவதும் ஒரே சீராக நகர்த்துகிறது, ஆனால் வேகத்துக்கு வேகம் எவ்வளவு பெற்றோல் என்பதைத் தீர்மானிப்பது ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியின் வடிவம். பல ஆண்டுகள் உரசியதில் ஜெட்டின் துளை வட்டம் குலைந்து நீள்வட்டமாகிவிட்டால் எந்தத் திருகலாலும் சரிவராது. கையேட்டில் ஒவ்வொரு காருக்கும் வழமையான ஊசி, செறிவான ஊசி, மெலிவான ஊசி என மூன்று குறிப்பிடப்பட்டிருக்கும், மலையில் வாழ்பவர்கள் அந்த மெலிவான ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும். ஊசி, ஜெட், மிதவை வால்வு, கேஸ்கட்டுகள் அடங்கிய தொகுதிக்கு 28,000 ரூபாய் கொடுத்தேன். இதைப் பொருத்துவதற்கு முன்னர் இரண்டு கராஜ்களில் டியூனிங் என்ற பெயரில் 18,000 ரூபாய் செலவழித்திருந்தேன், அந்த இரண்டு இடத்திலும் வாயு ஆய்கருவி இருக்கவில்லை. காதால் கேட்டுக் கலவை பிடிக்கும் பழைய கைகளை நான் மதிக்கிறேன், ஆனால் பரிசோதனை நிலையம் கேட்பது எண்ணை. ஆய்கருவி உள்ள கராஜைத் தேடி, அதன் திரையை நீங்களே பார்க்கும்படி நின்று வேலை வாங்குங்கள்.

இந்த இடைவேளையில் ஒரு தரகர் என்னை அணுகி, கார் வராமலே சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். அன்றிருந்த களைப்பில் மனம் தடுமாறியது உண்மை. மறுத்ததற்குச் சட்டப் பயம் மட்டும் காரணமில்லை. காலையில் பனி இறங்கியிருக்கும்போது எங்கள் வீதியில் வாகனப் புகை மேலே போகாமல் இடுப்பளவிலேயே தேங்கி நிற்கிறது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து நடந்து பள்ளிக்கு வரும் என் மாணவர்கள் அதற்குள்தான் ஏற்றத்தில் மூச்சு வாங்க நடக்கிறார்கள். ஏழு சதவீதம் காபனோரொட்சைட்டு கக்கும் ஒரு காரை அந்தப் பிள்ளைகளைக் கடந்து ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காகிதத்தில் தேறி வீதியில் தேறாத கார் எனக்கு வேண்டாம்.

பரிசோதனை நாளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நிலையம் உங்கள் வீட்டைவிடத் தாழ்ந்த இடத்தில் இருந்தால், நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கி நேராக வரிசையில் சேராதீர்கள். இறக்கத்தில் இயந்திரம் குளிர்கிறது, அக்சிலரேட்டரை மிதிக்காமல் இழுபடும் அந்த நேரத்தில் பிளக்குகளில் கரியும் எண்ணெயும் படிகின்றன. அருகில் உள்ள ஏதாவது ஏற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் உழைக்க விட்டு, வெப்பமானி நடுவில் நிற்கும்போது வாருங்கள். வரிசை நீளமாக இருந்தால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, உங்கள் முறைக்குச் சற்று முன்னர் இயக்கி ஓரிருமுறை வேகத்தை உயர்த்தி விடுங்கள். அண்மையில் மாற்றிய எண்ணெய் நல்லது, பழைய எண்ணெயில் கரைந்திருக்கும் பெற்றோல் ஆவி மூச்சுக் குழாய் வழியாக மீண்டும் உள்ளே இழுக்கப்படும். சோக்கைக் கடைசியாக ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த ஒழுங்கில் சென்ற நாளில் சும்மா ஓடும் நிலையில் காபனோரொட்சைட்டு 2.1 சதவீதமும் ஐதரோக்காபன் 380 பங்கும், 2500 சுற்றில் 1.6 சதவீதமும் 240 பங்கும் வந்தன. ஆய்கருவியை இயக்கிய இளைஞர் தாளைக் கிழித்து நீட்டி, "சேர், இந்த வயசுக் காருக்கு இது நல்ல ரிசல்ட்" என்றார். நன்றி சொல்லவும் குரல் எழவில்லை, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது காரைக் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுசெல்லும்போது எதிர்த்திசைச் சிக்கல் வருகிறது. மலைக்காக மெலியவைத்த கலவை, கனத்த காற்றுள்ள பள்ளத்தில் மேலும் மெலிந்து, இயந்திரத்தைச் சூடாக்கி வெளிப்போக்கு வால்வை எரித்துவிடக் கூடும். வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் 2002ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், கடினமான வால்வு இருக்கை பொருத்தாத பழைய இயந்திரங்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆகவே கண்டியைத் தாண்டிக் கீழே இறங்கும் பயணங்களுக்கு முன்னர் நட்டை இரண்டு பட்டை கீழே திருகுகிறேன், திரும்பி வந்ததும் அதே இரண்டு பட்டையை மேலே ஏற்றுகிறேன். இதற்கான ஸ்பேனரைக் கையுறைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பள்ளத்து ஊரில் கார் வாங்கி அங்கேயே சான்றிதழும் பெற்று மலைக்குக் கொண்டுவருபவர்கள், கையில் சான்றிதழ் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், இங்கே வந்த முதல் கிழமையிலேயே கலவையை மீண்டும் பார்ப்பது அவசியம். பெற்றோல் செலவிலேயே அதன் பயன் தெரியும், என் கார் முன்னர் லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் ஓடியது, இப்போது பதினொன்றுக்குக் குறையாமல் ஓடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரிசோதனை நிலையம் தரும் அறிக்கைகளை, தோற்றவை உட்பட, எறியாமல் ஒரு கோப்பில் வையுங்கள், அன்று நட்டு எத்தனை பட்டையில் இருந்தது, எந்த ஊசி, எந்த பிளக், என்ன டைமிங் என்பதை அவற்றின் பின்புறத்தில் எழுதுங்கள். சான்றிதழ் ஒரு வருடத்துக்கே செல்லும், அடுத்த வருடம் எண்கள் மாறியிருந்தால் எது மாறியது என்பதைச் சொல்ல அந்தத் தாள்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது. மைனரில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் யாராவது கந்தப்பளைப் பக்கம் வந்தால் என் கோப்பையும் அந்தப் பழைய ஜெட்டையும் காட்டுகிறேன், துளை எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.